கைகளின் மேல் உட்கார்ந்தவள்

எங்கள் வீட்டுக் கீழ்ப்போர்ஷனுக்கு எத்தனையோ பேர் குடிவந்து போயிருக்கிறார்கள். ஓசூரில் வீடு கட்டி வாடகைக்கு விட்டவர்களுக்கு இது தெரியும். கம்பெனி மாறினால் குடித்தனமும் மாறும். போனவர்களில் பாதிப் பேரின் முகம்கூட எனக்கு ஞாபகமில்லை. ஆனால் மாடியிலிருந்து இறங்கி வரும்போது, கடைசிப் படிக்கு வந்ததும் இன்றும் என் கால் தானாகச் சுவரோரம் ஒதுங்குகிறது. அது கீழே குடியிருந்த ஒருத்தி உட்காரும் இடம்.

உட்காருவதென்றால் நம்மைப் போல அல்ல. இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் செருகி, அவற்றின் மேல் உட்காருவாள். மழையில் வழுக்கக் கூடாது என்று கொத்தனார் அந்தப் படிகளைச் சொரசொரப்பாகவே விட்டிருந்தார். வெறுங்காலில் நின்றாலே குத்தும். அதன் மேல் உள்ளங்கையை வைத்து, அதன் மேல் தன் கனத்தையும் வைத்துக்கொண்டு, சாவகாசமாகப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

குடிவந்த அன்றே அந்தக் கோலத்தில்தான் பார்த்தேன். டெம்போவிலிருந்து சாமான் இறங்கிக்கொண்டிருந்தது. அவள் பெண் கயலுக்கு அப்போது ஆறு வயது. தன்னைவிடப் பெரிய தலையணை மூட்டையைக் கட்டிப்பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். பையன் முகில் மூன்று வயது வாண்டு. இட்லிப் பாத்திரத்தைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு, கண் தெரியாமல் சுவர் சுவராக முட்டிக்கொண்டு நடந்தான். அவள் வீட்டுக்காரர் பீரோவோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். இவள் மட்டும் படியில் உட்கார்ந்து, கையை அடியில் வைத்துக்கொண்டு, பிள்ளைகளை வேடிக்கை பார்த்தாள். சரியான சோம்பேறி வந்து வாய்த்திருக்கிறது என்று நான் முடிவு கட்டிவிட்டேன்.

அந்த முடிவு மறுநாள் காலையே பொய்யாகிவிட்டது. நான் எழுந்து பார்ப்பதற்குள் வாசல் தெளித்து, துணி துவைத்துக் காயப்போட்டு, வீட்டுக்காரருக்குச் சமைத்தும் முடித்திருந்தாள். அவள் கை வேலை செய்கிற வேகம் எனக்கே வராது. பிள்ளைகள் ஒரு காரியத்தில் இறங்கினால் மட்டும் போட்டதைப் போட்டபடி விட்டுவிட்டு வந்து உட்கார்ந்துவிடுவாள். முகில் சட்டைப் பட்டனைத் தப்புத் தப்பாகப் போட்டுக்கொண்டு அழுவான். கயல் குடத்தைத் தூக்க முடியாமல் பாதித் தண்ணீரை வாசலில் கொட்டுவாள். இவள் எழுந்திருக்க மாட்டாள். பிள்ளையாக வந்து "அம்மா, முடியல, வா" என்று கூப்பிட்டால்தான் அந்தக் கைகள் வெளியே வரும்.

நான் அப்படிப்பட்ட ஆள் இல்லை. என் வாயில் நாளைக்கு நூறு 'சீக்கிரம்' வரும். ஷிஃப்ட் சங்கு ஊதுகிற ஊரில் குடும்பம் நடத்தியவளுக்கு வேறெப்படி வரும்? என் மகள் பள்ளிக்கூடம் போன காலத்தில் நானே ஊட்டி, நானே ஷூ மாட்டி, நானே பை தூக்கி வேனில் ஏற்றிவிட்டு வருவேன். இன்று அவள் பெங்களூரில் பெரிய வேலையில் இருக்கிறாள். ரசத்துக்குப் புளி எவ்வளவு என்று வாரத்துக்கு ஒருமுறை எனக்கு வீடியோ காலில் காட்டிக் கேட்பாள். எனக்கு அதில் வருத்தம் ஒன்றுமில்லை, கேட்கட்டும் என்றுதான் இருக்கும்.

குடிவந்த முதல் ஜூன் மாதம், தெருவெல்லாம் புது யூனிஃபார்ம் வாசனை அடிக்கும்போது, கேட்டே விட்டேன்.

"ஏம்மா, புள்ளைய எந்த ஸ்கூல்ல சேத்திருக்க?"

"எதுலயும் இல்லக்கா. வீட்லதான்."

"ஓ, வீட்லயே பாடம் சொல்லித் தர்றியா?"

"பாடமும் இல்லக்கா. அன்ஸ்கூலிங்னு சொல்வாங்க. அவங்களா எதைத் தேடிப் போறாங்களோ, அதுக்கு நாம கூட இருக்கறது, அவ்ளோதான்."

"அடேயப்பா! சும்மா இருக்கறதுக்கும் இங்கிலீஷ்ல பேரு வெச்சுட்டாங்களா?"

கோபித்துக்கொள்வாள் என்று நினைத்தேன். விழுந்து விழுந்து சிரித்தாள். "சும்மா இருக்கறதுதாங்க்கா இருக்கறதுலயே கஷ்டம்" என்றாள்.

அந்த வீட்டின் ஒரு நாள் எப்படிப் போகும் என்று கேட்டால் எனக்கே கோவையாகச் சொல்லத் தெரியாது. எங்கள் தெருவில் பாதாளச் சாக்கடைக்குப் பள்ளம் தோண்டினார்கள். ஊரே தூசி என்று ஜன்னலைச் சாத்திக்கொண்டது. இந்தக் குடும்பம் மட்டும் தயிர்சாதம் கட்டிக்கொண்டு போய், எதிர் மரத்தடியில் பாய் விரித்து, நாள் முழுக்கப் பொக்லைனை வேடிக்கை பார்த்தது. சாயங்காலம் அந்த டிரைவரும் அவர்களோடு உட்கார்ந்து சாப்பிட்டார். அதற்கப்புறம் ஒரு மாதம் பிள்ளைகள் தோண்டித் தோண்டி எங்கள் வீட்டுப் பின்பக்கம் பள்ளமும் மேடுமாகத்தான் கிடந்தது.

பால்காரர் கன்னடம் பேசுவார், பூக்காரம்மா தெலுங்கு. பக்கத்து மனையில் கட்டடம் கட்ட வந்தவர்கள் இந்தி. கயல் இவர்கள் எல்லோரோடும் அவரவர் பாஷையில் வாயடிப்பாள். பூக்காரம்மாவிடம் முழம் போட்டு வாங்கும்போது தன் கையால் ஒருமுறை, அந்தம்மா கையால் ஒருமுறை அளந்து பார்த்து, "உங்க கை சின்னது" என்று தெலுங்கில் சண்டைக்கு நிற்பாள். அம்மாக்காரி உள்ளேயிருந்து கேட்டுக்கொண்டிருப்பாள். பஞ்சாயத்துக்கு வர மாட்டாள்.

தோசை விஷயத்தைச் சொல்ல வேண்டும். ஒருநாள் காலை அப்பாவுக்குத் தானே தோசை ஊற்றித் தருவதாகக் கயல் கிளம்பிவிட்டாள். அவர் கழுத்தில் அடையாள அட்டையோடு, கையில் தட்டோடு, அடுப்பங்கரை வாசலில் நிற்கிறார். தெருமுனையில் கம்பெனி பஸ் வந்து ஹாரன் அடிக்கிறது. அடுப்பு தணிவாக எரிகிறது. கயல் கரண்டியை வைத்து ஒவ்வொரு ஓரமாகத் தட்டித் தட்டிப் பார்க்கிறாள். இவள் சமையல் மேடைக்குப் பக்கத்தில் ஸ்டூலில், கையைத் தொடைக்கடியில் வைத்து உட்கார்ந்திருக்கிறாள். பஸ் இரண்டாவது ஹாரன் அடித்ததும் எனக்குப் பொறுக்கவில்லை. இறங்கி வந்து, ஜன்னல் வழியாகச் சத்தம் போட்டேன்.

"ஏம்மா, நீ ஒண்ணு ஊத்திக் குடுத்தா என்னா? மனுசன் பட்டினியா போவாரா?"

"அது அவ வேலைக்கா. என் வேலை இல்ல" என்றாள். குரலில் சூடு இல்லை.

அவர் பாதி வெந்த தோசையைப் பாய் மாதிரிச் சுருட்டிக் கையில் பிடித்துக்கொண்டு ஓடினார். பஸ் படியில் நின்று ஒரு கடி கடித்து, திரும்பிப் பார்த்துத் தலையாட்டினார். கயலுக்கு அன்று முழுக்கக் கால் தரையில் பாவவில்லை. பின்னொரு நாள் நான் அவரிடம் கேட்டதற்கு, "வெந்த தோசை கேன்டீன்லயே கிடைக்கும்க்கா" என்றார். அந்தக் குடும்பத்தில் எல்லோருமே கொஞ்சம் கழன்ற கேஸ் என்று எங்கள் வீட்டுக்காரரிடம் சொல்லிச் சிரித்தேன்.

'அது அவ வேலைக்கா', 'அது அவன் வேலைக்கா.' இந்த வார்த்தையைக் கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது. சில சமயம் பயமாகவும் இருக்கும். இது என்ன நெஞ்சழுத்தம், பெற்ற வயிறு பதறாதா என்று தோன்றும்.

அதற்குப் பதில் எங்கள் வீட்டுக் கொய்யா மரத்தில் கிடைத்தது. முகில் ஏறினான். நான் மாடியிலிருந்து பார்க்கிறேன், இவள் படியிலிருந்து பார்க்கிறாள். ஒரு கிளை ஏறி அடுத்ததற்குக் கை நீட்டினான். கால் நழுவியது. அம்மா என்று கத்திக்கொண்டே விழுந்தான். நான் பாதிப் படி இறங்குவதற்குள் அவள் அவனை வாரி எடுத்திருந்தாள். முழங்கையில் தோல் கிழிந்து ரத்தம். வேறொன்றும் இல்லை. எனக்கு வந்த ஆத்திரத்தில் வாய்க்கு வந்தபடி கத்தினேன். கையை அடியில் போட்டு உட்கார்ந்துகொள்ளத்தான் பெற்றாயா என்றுகூடக் கேட்டேன்.

கத்திக்கொண்டே காயத்துக்கு வைக்க மஞ்சள்தூள் எடுத்து வந்தேன். அவள் மஞ்சள் வாங்குவதற்காக என் முன்னால் கையை நீட்டினாள். உள்ளங்கை முழுக்கப் படியின் பொடிக்கல் தடம் பள்ளம் பள்ளமாகப் பதிந்து சிவந்திருந்தது. ஒன்றிரண்டு இடத்தில் தோலே கிழிந்திருந்தது. சாவகாசமாக உட்கார்ந்த கை அப்படி ஆகாது. அவன் ஏறிய ஒவ்வொரு கிளைக்கும் அவள் தன் கையைப் படியோடு அழுத்தியிருக்கிறாள். நான் மஞ்சளை அவன் முழங்கையில் வைத்துவிட்டு, மிச்சத்தை அவள் கையில் அப்பினேன்.

அன்று மத்தியானம் இருவரும் அவரைக்காய் ஆய்ந்துகொண்டிருக்கும்போது அவளே சொன்னாள்.

"எங்கம்மா ரொம்ப நல்லவங்கக்கா. எல்லாம் அவங்களே செஞ்சு குடுத்துடுவாங்க. காலேஜ் சேத்தாங்க, போனேன். கம்பெனில குவாலிட்டி செக்கிங்ல சேத்தாங்க, போனேன். கல்யாணத்துக்குப் புடவை எடுக்கப் போனப்போ கடைக்காரரு, 'பொண்ணுக்கு என்னா கலரு புடிக்கும்'னு கேட்டாரு. நான் எங்கம்மா மூஞ்சியப் பாத்தேன். எனக்குத் தெரியலக்கா. நெஜமாவே தெரியல."

அவரைக்காய் நார் ஒன்றை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தாள். "இதுங்க என் மூஞ்சியப் பாக்கக் கூடாதுக்கா" என்றாள்.

அவள் மாமனார் குந்தாரப்பள்ளிப் பக்கம் விவசாயம் செய்பவர். பேரப்பிள்ளைகள் என்றால் உயிர். மாம்பழக் காலத்தில் மூட்டையோடு வருவார். அவர் வரும் நாளில் இவள் முகமே வேறு மாதிரி இருக்கும். பெற்ற அப்பா இல்லாதவள், அவரைத்தான் அப்பா மாதிரி நினைத்திருந்தாள். குடிவந்த பின் இரண்டாவது மே மாதம் அவர் கயலைச் சந்தைக்குக் கூட்டிப் போனார். அங்கே மாட்டுத் தரகர்களும் சொந்தக்காரர்களும் கூடி நிற்கையில், பேத்தியின் சமத்தைக் காட்டுவதற்காக, வந்து நின்ற பஸ்ஸின் போர்டைப் படிக்கச் சொல்லியிருக்கிறார்.

"தெரியாது தாத்தா. படிக்கறது எனக்கு இன்னும் வரல" என்றிருக்கிறாள் கயல், ஏதோ விருந்தாளி இன்னும் வந்து சேரவில்லை என்பது போல. கூடியிருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள்.

அவர் பேத்தியைக் கொண்டுவந்து விட்டபோது வீட்டுக்குள்ளேயே வரவில்லை. கேட்டுக்கு வெளியே நின்றார்.

"ஊருப் புள்ளைங்க எல்லாம் பள்ளிக்கூடம் போவுது. எங்கூட்டுப் புள்ளைங்க மட்டும் தெருவுல நின்னுகினு இருக்குது. எட்டு வயசாவப் போவுது, ஒரு எழுத்து தெரியல. நாலு பேரு முன்னாடி தலையக் குனிஞ்சு நின்னேம்மா."

"மாமா, உள்ள வாங்க. காப்பி சாப்ட்டுப் பேசலாம்."

"புள்ளைய ஸ்கூல்ல சேரு. சேத்த அன்னிக்கு வரேன். அதுவரைக்கும் இந்தப் படி மிதிக்க மாட்டேன்."

அவள் அழுதுகொண்டுதான் சொன்னாள். ஆனால் சொல்லிவிட்டாள். "அவளா கேக்கட்டும் மாமா. அவளா கேட்டா நான் குறுக்க நிக்க மாட்டேன். நான் இழுத்துட்டுப் போய் விட மாட்டேன்."

அவர் போய்விட்டார். அந்த வருஷம் பொங்கலுக்கும் வரவில்லை. அவள் வீட்டுக்காரர் மட்டும் ஊருக்குப் போய்ப் பார்த்துவிட்டு வருவார். "இவளுக்கு ஏன் இத்தனை பிடிவாதம்? சேர்த்துவிட்டால்தான் என்ன?" என்று நானே எங்கள் வீட்டில் புலம்பினேன்.

படிப்பு அந்த மழைக்காலத்தில் வந்தது. யாரும் சொல்லித் தரவில்லை என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். அப்பனும் ஆத்தாளும் அவள் கேட்டபோதெல்லாம் பதில் சொல்லிக்கொண்டுதான் இருந்தார்கள். மளிகைப் பொட்டலம், சிலிண்டர் வண்டி, சினிமா போஸ்டர் என்று கேட்டுக் கேட்டு எப்போதோ ஒட்டிக்கொண்டுவிட்டது. ஒருநாள் எங்கள் காலி மனைக்கு முன்னால் குப்பை கொட்ட வந்த ஆளைக் கயல் வழிமறித்து, சுவரில் இருந்த 'இங்கு குப்பை கொட்டாதீர்' என்பதை விரல் வைத்து உரக்கப் படித்துக் காட்டினாள். அந்த ஆள் கூடையோடு திரும்பிப் போனார். இவள் படியில் உட்கார்ந்தபடியே அழுதாள். கண்ணைத் துடைக்கக் கையை எடுக்கவில்லை.

"மாமனாருக்குச் சொல்லி அனுப்பு, புள்ள படிக்குதுன்னு" என்றேன்.

"அவரு படிப்பைக் கேக்கலக்கா. ஸ்கூலைக் கேட்டாரு" என்றாள்.

எதிர்வீட்டில் பழைய இரும்புக் கடை வைத்திருந்தவரின் மகள் ஆயிஷா, கயலுக்கு உற்ற தோழி. பக்கத்துத் தெரு அரசுப் பள்ளிக்கூடத்தில் படித்தாள். சாயங்காலமானால் இரண்டும் எங்கள் மொட்டை மாடியில்தான். அடுத்த மே மாதக் கடைசியில் ஒருநாள், கயல் மாடியிலிருந்து இறங்கி வந்து நேராக அம்மாவிடம் போனாள். நான் அப்போது அவர்கள் வீட்டு வாசலில் கறிவேப்பிலை வாங்கிக்கொண்டு நின்றேன்.

"அம்மா, நான் ஸ்கூலுக்குப் போறேன்."

"ஏங்கண்ணு?"

"அங்க காலைல எல்லாரும் ஒண்ணா நின்னு பாடுவாங்களாம்மா. நம்ம வீட்ல நானும் முகிலும்தான இருக்கோம்."

அவள் 'சரி' என்றாள். ஒரே ஒரு சொல். பிறகு காய்ந்த துணி எடுக்க வேண்டும் என்று மாடிக்குப் போனாள். வெகுநேரம் வரவில்லையே என்று நான் போய்ப் பார்த்தேன். எடுத்த துணியை மடிப்பதும், உதறுவதும், மறுபடி மடிப்பதுமாக நின்றாள்.

எல்லோரையும் போல நானும் இத்தனை நாள் பள்ளிக்கூடத்தில் சேர் என்றுதானே சொல்லிக்கொண்டிருந்தேன்? ஆனால் அவளை அப்படிப் பார்த்ததும் என் கட்சி மாறிவிட்டது.

"வேணாம்னு சொல்லும்மா. சின்னப் பொண்ணு, நாலு நாள்ல மறந்துடுவா" என்றேன்.

"அப்போ எனக்குப் புடிச்சதை அவ தேடினாத்தான் சரின்னு சொல்வேன், இல்லாட்டி மாட்டேன். அதானக்கா? அதுக்கு எங்கம்மாவே போதுமே."

மாடியில் கைகளை வைத்து உட்காரப் படி இல்லை. ஈரம் காயாத ஒரு துண்டை இரண்டு கையாலும் முறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் அவள் தோளைத் தொட்டேன். அப்போதுதான் அழுகை வந்தது. எனக்கும்தான்.

பள்ளிக்கூடத்தில் தலைமையாசிரியை, "இத்தனை நாளா எங்கம்மா படிச்ச?" என்று கேட்டதற்குக் கயல், "வீட்லயும் தெருவுலயும்" என்றாளாம். அந்தம்மா சிரித்துவிட்டு மூன்றாம் வகுப்பில் சேர்த்துக்கொண்டார். முகிலையும் சேர்க்கலாமே என்று கேட்டதற்கு, அவன் அம்மாவின் பின்னால் ஒளிந்துகொண்டு, "நான் பள்ளம் தோண்டணும்" என்று சொல்லிவிட்டான். அவன் விஷயத்திலும் அவள் 'சரி' என்றுதான் சொன்னாள்.

பள்ளி திறப்பதற்கு முதல்நாள் மாமனார் மாம்பழ மூட்டையோடு வந்தார். ஜெயித்தவர் முகம்தான். புதுப் பை, சிவப்பு ரிப்பன் எல்லாம் வாங்கி வந்திருந்தார். ஆனால் படியேறுமுன் நின்று மருமகளைப் பார்த்தார்.

"நான் வரலன்னு சேத்தியாம்மா?"

"இல்லீங்க மாமா. அவளா கேட்டா."

"கேட்டாளா!" என்று பேத்தி பக்கம் திரும்பிப் பார்த்தார். பிறகு ரிப்பனை அவள் கையில் கொடுத்துவிட்டு, "காப்பி போடும்மா. உன் கையால குடிச்சு வருசமாவுது" என்றார்.

மறுநாள் காலை கீழேயிருந்து "அக்கா!" என்று ஒரு சத்தம். அவள் அப்படிக் கத்திக் கூப்பிட்டு நான் கேட்டதே இல்லை. இறங்கி ஓடினேன்.

கடைசிப் படியில் அவள் உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு முன்னால் தரையில் கயல், புது யூனிஃபார்மில், முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஆயிஷா பையோடு கேட்டருகே நின்றாள். பள்ளியில் இரட்டைச் சடை மடித்துக் கட்டி வரச் சொல்லியிருக்கிறார்கள். நாலு வயதிலிருந்து தன் தலையைத் தானே வாரி, உச்சியில் ஒரு கொத்தாக முடிந்துகொள்கிறவள் கயல். அன்று கண்ணாடி முன்னால் நின்று பார்த்திருக்கிறாள். இரண்டு பக்கமும் கை எட்டியது, பின்னால் வகிடு எடுக்க முடியவில்லை. சீப்பையும் ரிப்பனையும் தோளுக்கு மேலாகப் பின்னால் நீட்டி, "அம்மா, முடியல. நீ போட்டு விடு" என்றிருக்கிறாள்.

இவளுடைய கைகள் வெளியே வந்துவிட்டன. ஆனால் என்ன செய்வதென்று தெரியவில்லை. பெற்ற பெண்ணின் தலையை இவள் ஒருநாளும் பின்னிவிட்டதில்லை. தன் சடையைத் தோளில் முன்னால் போட்டுப் பின்னிக்கொள்ளத்தான் தெரியும். அடுத்தவர் தலையென்றால் கை எந்தப் பக்கம் போக வேண்டும் என்று பிடிபடவில்லை.

"அக்கா, வகிடு கோணிக்கோணிப் போவுது. எப்டிக்கா போடணும்?" என்றாள்.

எனக்கா தெரியாது? எத்தனை வருஷம் என் மகளுக்குப் பின்னியிருக்கிறேன். அவள் கையிலிருந்து சீப்பை வாங்கினால் கண்மூடித் திறப்பதற்குள் முடித்திருப்பேன். தெருவில் பிள்ளைகள் போகத் தொடங்கிவிட்டார்கள். ஆயிஷா ஒற்றைக் காலில் மாற்றி மாற்றி நின்றாள். 'சீக்கிரம்' என்ற சொல் என் தொண்டைவரை வந்துவிட்டது. சீப்பை வாங்க ஒரு கையை நீட்டியும்விட்டேன்.

அவள் கொடுக்கவில்லை. சிவந்த கண்ணோடு என்னைப் பார்த்தாள்.

"சொல்லுங்க, போதும். இது என் வேலைக்கா" என்றாள்.

அவளுக்கு மேல்படியில் உட்கார்ந்தேன். "நெத்தில இருந்து கழுத்து வரைக்கும் ஒரே கோடா இழு. அவசரமில்ல" என்று சொன்னேன். அவசரமில்லை என்று நான் சொன்னதைக் கேட்டு எனக்கே ஆச்சரியமாக இருந்தது. அவள் கலைத்தாள், மறுபடி இழுத்தாள், முடியை மூன்று காலாகப் பிரித்தாள், விட்டாள், பிடித்தாள். கயல் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். அம்மாவின் விரல்கள் தன் தலைக்குள் திரிவது அவளுக்கும் புதிதாக இருந்திருக்க வேண்டும். கண்ணைப் பாதி மூடிக்கொண்டிருந்தாள். இடது சடை காதுக்கு மேலும் வலது சடை காதுக்குக் கீழுமாக வந்தது. ஒரு ரிப்பன் பூவாக விரிந்தது, மற்றது வெறும் முடிச்சு. கயல் இரண்டையும் தொட்டுப் பார்த்து, "நல்லாருக்கும்மா" என்று எழுந்து, ஆயிஷாவின் கையைப் பிடித்துக்கொண்டு கிளம்பினாள். அம்மாக்காரியும் முகிலும் பின்னாலேயே போனார்கள்.

நான் எழுந்திருக்கலாம் என்று பார்த்தேன். அப்போதுதான் என் கைகள் இரண்டும் தொடைக்கு அடியில் இருப்பது தெரிந்தது. எப்போது அங்கே போயின என்று தெரியவில்லை. எடுத்துப் பார்த்தேன். உள்ளங்கை முழுக்கப் பொடிக்கல் தடம். நன்றாகவே வலித்தது.